மேயருக்கு ஓர் ஊதா நாடா

சூப்பாக்கா மலையூரின் சனிக்கிழமைச் சந்தையில் கூய் கறி சாப்பிட்ட எவரும் எடெல்மீரா போமாவைத் தெரியாது என்று சொல்ல முடியாது. வாலில்லாத, முயலைவிடச் சிறிய அந்தப் பிராணியைக் கழுத்தைத் திருகி, வெந்நீரில் முக்கி, மயிர் பிடுங்கி, வேர்க்கடலையும் மிளகாயும் அரைத்த குழம்பில் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்தப் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது. கூய்க்குப் பெயர் வைக்க மாட்டாள். பரிதாபப்பட மாட்டாள். ஒன்றை முடித்துக் கையைக் கழுவிவிட்டு அடுத்ததைப் பிடிப்பாள். அப்பேர்ப்பட்டவள் ஐம்பத்திரண்டு வயதில், எலி போல ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் ஹாம்ஸ்டருக்காகச் சொந்தத் தம்பியோடு மல்லுக்கு நின்றாள் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. நன்றாகச் சிரிக்கட்டும். அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது அந்தப் பேச்சை எடுத்தால் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

எடெல்மீரா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்குச் சமைச்சுப் போட ஒருத்தன் வர்றான்னு சொல்லு, நாளைக்கே கட்டிக்கிறேன்" என்பாள். அப்பா விட்டுப்போன வீட்டில் தம்பி கவுதென்சியோவோடும் அவன் மனைவி நெலிதாவோடும் இருந்தாள். அப்பா பாகம் பிரித்த விதம் இதுதான்: மாடும் ஆடும் மகனுக்கு, அடுப்படியும் அடுப்படித் தரையில் ஓடித் திரியும் கூய்களும் மகளுக்கு. நியாயம்தானே என்றது ஊர். நியாயமாம்.

அந்த நியாயத்தின் அழகைப் பார்க்க ஜூலை இருபத்தைந்து, சந்தியாகப்பர் திருநாளன்று அந்த வீட்டு முற்றத்துக்கு வந்திருக்க வேண்டும். அன்று கால்நடைகளின் நாள். முற்றத்தின் நடுவில் நெய்த துணி ஒன்றை விரித்து, வெற்றிலைபோல் மெல்லுகிற கொக்கா இலையும் சோளக் கள்ளும் வைப்பார்கள். ஒருவன் மாட்டுக் கொம்பு ஊதுவான். பெண்கள் சின்னப் பறையைத் தட்டிப் பாடுவார்கள். சடங்கை நடத்தும் ஞானத்தகப்பன் ஊசி கொண்டு ஒவ்வொரு மாட்டின் காதிலும் வண்ண நாடா கோத்து விடுவார். வீட்டில் ஆளுக்கு ஒரு நிறம். அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு: எவருடைய பிராணிக்கு நாடா ஏறுகிறதோ அவர்தான் துணியைச் சுற்றி உட்காரலாம். பிறந்த வீட்டிலிருந்து ஓட்டி வந்த இரண்டு செம்மறிகளின் புண்ணியத்தில் நெலிதாவுக்குக்கூடப் பச்சை நிறமும் ஓர் இடமும் இருந்தன. கூய்க்கு நாடா கிடையாது. மத்தியானம் சட்டிக்குப் போகப்போவதற்கு எதற்கு நாடா? ஆகவே எடெல்மீராவுக்கு நிறமும் இல்லை, இடமும் இல்லை. எல்லோருக்குமான கறி அவள் கையில். வெளியே அவர்கள் பாடுவது சுவரைத் தாண்டி அடுப்படிக்குக் கேட்கும். அவளுக்கு வலிக்கும். வருஷா வருஷம் வலித்தது. யாரிடமும் வாய் திறந்ததில்லை.

அப்புறம் ஹாம்ஸ்டர் வந்தது.

பாசத்தில் வாங்கினாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கறிக்காகத்தான் வாங்கினாள். சந்தையில் கூய் விற்கும் வரிசைக்குப் பக்கத்தில், நகரத்துப் பிள்ளைகளுக்காக ஹாம்ஸ்டர் விற்கும் ரமிரோ என்பவன் கடை போட்டிருந்தான். பொன்னிறத்தில் ஒன்று, சாம்பல் நிறத்தில் ஒன்று. இரண்டும் கன்னத்தில் தீனியை அடைத்துக்கொண்டு முழித்தன. இது என்ன, பொடிசாக இருந்தாலும் கொழுகொழுவென்று இருக்கிறதே, கூய் மாதிரி பெருக்கினால் புதுவிதமாக ஒரு கறி வைக்கலாமே என்று கணக்குப் போட்டாள் எடெல்மீரா. இரண்டையும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்படித் தரையில் கூய்களோடு கூயாக அவிழ்த்துவிட்டாள். ஒரு கட்டு பச்சைக் குதிரைமசால் தழையையும் முன்னால் போட்டாள். கூய் வளர்க்கும் ஊரில் வேறு எப்படிச் செய்வார்கள்? கூட்டமாக விடு, பசுந்தீவனம் போடு, கதகதப்பான தரை இருக்கிறது, மீதியை அதுகளே பார்த்துக்கொள்ளும். அங்கே தலைமுறை தலைமுறையாக அதுதான் வளர்ப்பு.

ஒரு வாரம் தாங்கவில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால் சாம்பல் நிறத்தான் தொண்டை கிழிந்து கிடந்தான். பொன்னிறத்தான் ஒரு காது பிய்ந்து மூலையில் சுருண்டிருந்தான். பின்பக்கமெல்லாம் ஈரம், கழிச்சல், நாற்றம். கவுதென்சியோ எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினான்.

"ரெண்டையும் தூக்கி எறிக்கா. ஒண்ணு செத்துப்போச்சு, இன்னொண்ணு போற வழியில இருக்கு."

எறியத்தான் குனிந்தாள். வாலைப் பிடித்துத் தூக்கலாமென்றால் பேருக்குத்தான் வால் இருந்தது. கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள். அந்த நிலைமையிலும் அது கன்னத்தில் ஒளித்து வைத்திருந்த பார்லி மணி ஒன்றை முன்னங்காலால் எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொறிக்க ஆரம்பித்தது. சாகப்போவது தன் காதில் விழவே இல்லை என்பது போல. எடெல்மீரா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அதைத் தன் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு ரமிரோவைத் தேடிப் போனாள்.

ரமிரோ தலையில் அடித்துக்கொண்டான். "கூயோடவா விட்டீங்க? ஐயோ அக்கா, இது கூட்டத்துக்கு ஆகாத ஜென்மம். ஒருத்தன் மூஞ்சியில இன்னொருத்தன் முழிக்க மாட்டான். தனிப் பெட்டி, தனிச் சாப்பாடு. பச்சைத் தீவனத்தை அள்ளிப் போட்டா வயிறு பிச்சுக்கும்."

"வாங்கும்போது ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்கலயே."

"நீ நல்லா இருப்ப. இப்போ என்ன பண்றது, அதைச் சொல்லு."

சொன்னான். கொஞ்சம் அளந்தும் விட்டான், அது வியாபாரிகளின் வியாதி. மலை மேல் ஊரில் ஒருவர் குளிரில் விறைத்த ஹாம்ஸ்டரைச் செத்துவிட்டது என்று நினைத்து மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாராம், அழுது முடிப்பதற்குள் அது எழுந்து அவர் பொத்தானைக் கடித்ததாம். "குளிர் ஏறினா இதுங்க செத்த மாதிரி தூங்கிடும் அக்கா. அவசரப்பட்டுப் புதைச்சிடாதீங்க" என்றான். எடெல்மீரா சிரித்துவிட்டு, "உன் கடைச் சரக்கு செத்தாலும் சாகலன்னு சொல்ல நல்ல வழி கண்டுபிடிச்சிருக்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கூய் அறுக்கும் அந்தக் கையால் அதற்குப் பணிவிடை செய்தாள். பச்சையை அடியோடு நிறுத்தினாள். காய்ந்த பார்லி, ஓட்ஸ், கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும் கொடுத்தாள். ஈரமான வைக்கோலை அவ்வப்போது மாற்றி, பின்பக்கத்தை வெதுவெதுப்பான துணியால் துடைத்துவிட்டாள். கழிச்சல் நின்றது. காதும் ஆறியது, ஒரு பக்கம் பிறை மாதிரி வெட்டோடு. கொடுத்ததை எல்லாம் கன்னத்தில் அடைத்துக்கொண்டு மூலைக்கு ஓடிப் பதுக்குவதைப் பார்த்து, "பொது மக்கள் சொத்தை இப்படி அமுக்குறானே, இவனுக்கு மேயர்னுதான் பேர் வைக்கணும்" என்றாள். வைத்துவிட்டாள். கூய்க்கு வாழ்நாளில் பெயர் வைக்காதவள்.

மரப்பெட்டிக்குக் கம்பிவலை அடித்து வீடு கட்டினாள். பால்பவுடர் டின்னைப் படுக்கப் போட்டு ஆணியில் மாட்டி ஓடுசக்கரம் செய்தாள். கால் இடுக்கில் சிக்காத, ஓட்டையில்லாத சக்கரமாக இருக்க வேண்டுமாம். பல் வளர்ந்துகொண்டே போகும் என்பதால் கடிக்க ஆப்பிள் மரக் குச்சி போட்டாள். ஒரே ஒரு தப்பு மறுபடி நடந்தது. குளிருமே என்று ஆட்டு மயிரைப் பிய்த்து மெத்தை போட்டாள். அந்த ஊரில் குழந்தைக்கும் அதுதான், கிழவனுக்கும் அதுதான். ஒரு மயிரிழை மேயரின் பின்னங்காலில் சுற்றி இறுகிக் கால் வீங்கிவிட்டது. தையல் வேலைக்கு வைத்திருந்த சின்னக் கத்தரியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த இழையை நறுக்கினாள். கூயின் கழுத்தை ஒரே திருகில் முடிப்பவள் அதற்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கிழித்த காகிதம்தான் மெத்தை. நூல் என்றால் பெட்டிக்குப் பக்கத்தில் வரக்கூடாது.

வீட்டில் கேலிக்குக் குறைவில்லை.

"அண்ணி, உங்க மேயர் ராத்திரியெல்லாம் சக்கரம் ஓட்டுறார். எந்த ஊருக்குப் போறார்?" என்பாள் நெலிதா.

"உன் புருஷன் குறட்டை விடுற ஊருக்கு இல்ல, அது மட்டும் தெரியும்."

பகலில் அது தூங்கும்போது கவுதென்சியோ பெட்டியைத் தட்டுவான். தட்டினால் எடெல்மீராவுக்குக் கெட்ட கோபம் வரும். "தூங்குறவனை எழுப்பாதடா. எழுப்பினா கடிப்பான். கடிச்சா நான் உன் பக்கம் பேச மாட்டேன்."

"பால் கொடுக்குமா? உரோமம் கொடுக்குமா? சட்டிக்காவது ஆகுமா? எதுக்குக்கா இது?"

"அது எனக்கு. அவ்வளவுதான்."

இந்தப் பதில் அவனுக்குப் புரியவே இல்லை. புரியாதது தப்பு இல்லை. அந்த வீட்டில் எடெல்மீராவுக்கென்று ஒன்று இருந்து அவன் பார்த்ததே இல்லையே.

மே மாதம் சிலுவைத் திருநாள் விருந்தன்று பேச்சு முற்றியது. வருஷா வருஷம் அவர்கள் வீட்டு மாடுகளுக்கு நாடா கோக்கும் ஞானத்தகப்பன், கிழவர் லீனோ, வந்திருந்தார். கன்னத்தில் கொக்கா இலையை அடக்கிக்கொண்டு அதிகம் பேசாதவர். கறித் தட்டை அவர் முன் வைத்துவிட்டு எடெல்மீரா அங்கேயே நின்றாள். இடுப்புத் துணியிலிருந்து ஒரு சுருளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஊதா நிற நாடா, சந்தையில் வாங்கியது.

"இந்த வருஷம் என் பிராணிக்கும் நாடா கட்டணும், ஞானத்தகப்பா. ஊதா என் நிறம். இன்னும் யாரும் எடுக்கல."

கவுதென்சியோவுக்குச் சோளக் கள் மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து, "எலிக்கா?" என்றான்.

"ஹாம்ஸ்டருக்கு."

"நாடா கட்டுனா துணியில உக்காரணும்னு சொல்லுவ."

"அதுக்குத்தானே கேக்குறேன். சட்டம் அப்பா போட்டது. பிராணி என்னுது. மாடு மட்டும்தான்னு அப்பா சொல்லல."

மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். கவுதென்சியோ கெட்டவன் இல்லை. அவனுக்குச் சபையில் சிரிப்பு என்றால் உயிர், அதுதான் அவன் கேடு. எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து அறிவித்தான். "ஜூன் வருது, ஜூலை வருது. உறைபனியில நம்ம கன்னுக்குட்டியே தாங்காம சாகுது. அந்த எலி சந்தியாகப்பர் நாள் வரைக்கும் உயிரோட இருந்தா, ஞானத்தகப்பன் எதுக்கு, நானே என் கையால நாடா கட்டுறேன். அக்கா என் பக்கத்துல உக்காரட்டும். சமையலும் நான் பண்றேன், போதுமா?"

"கேட்டுக்கிட்டேன்" என்றார் லீனோ. அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து எடெல்மீராவுக்கு ஒரே ஜபம்: மேயர் சாகக்கூடாது. பெட்டியை அடுப்புக்கு எட்டாத, ஆனால் அதன் சூடு படுகிற மூலையில் வைத்தாள். இரவில் ஆட்டுத்தோல் போர்த்தினாள், மூச்சுக்கு ஒரு பக்கம் திறந்து வைத்து. கண் பீளை கட்டுகிறதா, பல் நீளுகிறதா, பதுக்கி வைத்த தீனி அழுகுகிறதா என்று தினமும் பார்த்தாள். அந்த மலையில் ஜூனும் ஜூலையும்தான் கடுங்குளிர். ஜூன் போனது. இரண்டு கன்றுகள் குளிரில் போயின, கவுதென்சியோவின் கன்றுகள். மேயர் கொழுத்தார். நெலிதாவே ஒருநாள் யாரும் பார்க்காத நேரத்தில் பூசணி விதை ஒன்றைக் கம்பிவழியே நீட்டியதை எடெல்மீரா பார்த்தாள். பார்க்காதது போல இருந்துவிட்டாள்.

திருநாளுக்கு முந்தின நாள் வீடு அமளிதுமளிப்பட்டது. விருந்தாளிகள், மேளக்காரர்கள், கள்ளுப் பானைகள். எடெல்மீரா உருளைக்கிழங்குக்காகப் பக்கத்து ஊர் போய் இருட்டிய பிறகுதான் திரும்பினாள். அடுப்படி முழுக்க வந்த பெண்கள் படுத்திருந்தார்கள். மூலையில் ஆட்டுத்தோல் போர்த்த உருவம் தெரிந்தது, பெட்டிதான் என்று நினைத்துக் கண்ணயர்ந்தாள். பெட்டி இல்லை. அது கள்ளுப் பானை. பானைக்கு இடம் வேண்டும் என்று நெலிதா பெட்டியை வெளியே தாழ்வாரத்தில் வைத்து, தோலைப் பானைக்குப் போர்த்தி, அப்புறம் உள்ளே எடுக்கலாம் என்று நினைத்து மறந்துபோனாள்.

விடிந்ததும் எடெல்மீரா பார்த்தபோது தாழ்வாரத்து வாளியில் தண்ணீர் கண்ணாடியாக உறைந்திருந்தது. பெட்டிக்குள் மேயர் பந்தாகச் சுருண்டு கிடந்தார். தொட்டாள், சில்லென்றிருந்தது. எடுத்தாள், கல்லாக இருந்தது. மூச்சு இல்லை. மீசை ஆடவில்லை.

பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டார் கூடிவிட்டார்கள். நெலிதாவின் முகத்தில் ஈ ஆடவில்லை. கவுதென்சியோ வாங்கிப் பார்த்தான். கட்டை விரலால் வயிற்றை அமுக்கினான், காலை இழுத்துப் பார்த்தான், அனுபவஸ்தன் மாதிரி தலையை ஆட்டினான்.

"போயிருச்சுக்கா. பிறந்ததுலேருந்து கூயைப் பாக்குறேன், விறைச்சதுன்னா விறைச்சதுதான். எந்திரிக்காது." அவன் குரலில் கொஞ்சம் இரக்கமும் இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் மேளக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவனுக்குச் சபை கிடைத்துவிட்டது. "நாய்க்குக் காலைப் பலகாரம் ஆச்சு. சுல்தான், வா."

சுல்தான் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. கவுதென்சியோவின் கை ஓங்கியது. எடெல்மீரா எழுந்த வேகத்தில் பாவாடை தடுக்கியும் நிற்கவில்லை. அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். கூய்க் கழுத்தைப் பிடிக்கிற பிடி அது, கவுதென்சியோவின் விரல்கள் தானே திறந்தன.

"என் பிராணி செத்துச்சா இல்லையான்னு நான் சொல்லுவேன்" என்றாள்.

மேயரை ரவிக்கைக்குள், மார்புக்கு நடுவில் வைத்தாள். மேலே கம்பளிப் போர்வையை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். யாரோ பின்னால் சிரித்தார்கள். அடுப்புச் சூட்டில் காட்டலாமென்று ஒருத்தி சொன்னாள். வேண்டாம், சட்டென்று சூடு ஏற்றினால் இருக்கிற உயிரும் போய்விடும் என்று எடெல்மீராவுக்குத் தோன்றியது. மெதுவாக ஏறட்டும், உடம்புச் சூடு போதும். அவளிடம் இருந்த ஒரே நம்பிக்கை ரமிரோ அளந்துவிட்ட அந்தக் கதைதான். கடைக்காரன் கதை. அதை நம்பித்தான் உட்கார வேண்டியிருந்தது. டேய் ரமிரோ, நீ பொய் சொல்லியிருந்தால் அடுத்த சனிக்கிழமை உன்னை வெந்நீரில் முக்குகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பயமாக இருந்தது.

"அண்ணி" என்றாள் நெலிதா, கிட்ட வந்து, மெல்ல. "நான்தான் வெளிய வச்சேன். மறந்துட்டேன். வேணும்னு பண்ணல."

எடெல்மீரா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "தெரியும். அப்புறமா உன்னைத் திட்டுறேன், இப்போ எனக்கு நேரமில்ல."

வெயில் முற்றத்துக்கு வந்தது. துணி விரித்தார்கள். கொக்கா இலை வைத்தார்கள். லீனோ வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். எடெல்மீரா நேராக நடந்து வந்து, வெயில் நன்றாக விழும் பக்கமாகப் பார்த்து, துணியின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா" என்றான் கவுதென்சியோ. "அது பிராணி வச்சிருக்கிறவங்க இடம்."

"தெரியும். அதான் உக்காந்தேன்."

"அது செத்துப்போச்சுக்கா."

"நீ சொன்ன. நான் இன்னும் சொல்லல. செத்துச்சுன்னா நானே எந்திரிச்சு அடுப்படிக்குப் போறேன்."

"அடுப்புல தண்ணி கொதிக்குது. கூய் எல்லாம் உயிரோட ஓடிக்கிட்டிருக்கு. மத்தியானம் இத்தனை பேருக்குச் சாப்பாடு யார் போடுறது?"

"என் மடி காலியில்ல."

அவன் லீனோவைப் பார்த்தான். லீனோ கொக்கா இலைகளில் முழு இலையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. கொம்பு ஊதத் தொடங்கியது. பறை தட்டினார்கள். மாடுகள் ஒவ்வொன்றாக வந்தன, காதில் சிவப்பு நாடா வாங்கிக்கொண்டு போயின. செம்மறிகள் வந்தன, பச்சை நாடா வாங்கின. எடெல்மீரா அசைந்து கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட பாட்டு இப்போது முகத்துக்கு எதிரே கேட்டது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் மார்புக்குள் அந்தக் கல் கல்லாகவே இருந்தது. போதும், எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். வேண்டுமானால் அவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போகட்டும், நானாக எழ மாட்டேன் என்று அடுத்த கணமே பல்லைக் கடித்தாள்.

கடைசி மாடும் போனது. கவுதென்சியோ கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு எழுந்தான். "சரிக்கா. போதும். எல்லாரும் பாத்தாச்சு, சிரிச்சாச்சு. எந்திரி."

அப்போது அவளுக்கு மார்பில் குறுகுறுவென்றது. முதலில் தன் நெஞ்சுதான் அடித்துக்கொள்கிறதென்று நினைத்தாள். மறுபடியும் குறுகுறுத்தது. மீசை. பிறகு ஒரு நடுக்கம், மெல்லிசாக, விடாமல். எடெல்மீரா வாயைத் திறந்து சொல்லப்போனாள், சொல்வதற்குள் மேயர் நறுக்கென்று கடித்துவிட்டார்.

"ஐயோ" என்று அவள் போட்ட கூச்சலில் கொம்புக்காரன் ஊதுவதை நிறுத்தினான். ரத்தம் துளிர்த்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சிரித்துக்கொண்டே அழுதாள், அதை மறைக்கவும் இல்லை. ரவிக்கைக்குள் கைவிட்டு எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். மேயர் கண்ணைப் பாதி திறந்து, உடம்பெல்லாம் வெடவெடக்க, பிறைவெட்டு காதை விறைத்துக்கொண்டு சபையைப் பார்த்தார். கொம்புக்காரன் மகிழ்ச்சியில் மறுபடி கொம்பை வாயில் வைத்தான்.

"ஊதாத" என்றாள் எடெல்மீரா. "இப்பத்தான் எந்திரிச்சிருக்கான். அதிருது."

சந்தியாகப்பர் திருநாளில், அந்த முற்றத்தில், மேளம் நின்றது. ஒரு ஹாம்ஸ்டருக்காக நின்றது. நெலிதா யாரும் சொல்லாமலே ஓடிப்போய் வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரை கரைத்துக் கொண்டுவந்தாள். எடெல்மீரா விரல் நுனியில் தொட்டு வைத்தாள். மேயர் நக்கினார்.

லீனோ ஊதா நாடாச் சுருளைத் துணியின்மேல் வைத்து, கவுதென்சியோ பக்கம் ஒரு விரலால் தள்ளினார்.

"எங்க கட்டுறது ஞானத்தகப்பா?" கவுதென்சியோ கடைசி முயற்சியாகப் பிடித்துக்கொண்டான். "காது என் நகம் அளவுகூட இல்ல. வேணும்னா கால்ல..."

"கால்ல நூல் பட்டுச்சு, உன் கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் எடெல்மீரா. "பெட்டியில கட்டு. கூரை மேல, நடுவுல. கம்பியில கட்டினா உள்ள இழுத்துத் தின்னுடுவான்."

"நாடா உயிர் மேல இருக்கணும். பெட்டியில கட்டுறது வழக்கமில்ல."

"மாட்டுக்குக் காது" என்றார் லீனோ. "இவனுக்கு வீடு. கட்டுடா. சொன்ன வார்த்தையை நான்தான் கேட்டுக்கிட்டேன்."

கவுதென்சியோ முழங்காலிட்டான். நெலிதா தாழ்வாரத்திலிருந்து தூக்கி வந்த பெட்டி தரையில் இருந்தது, குனியாமல் கட்ட முடியாது. பெரிய விரல்கள், மெல்லிய நாடா, முடிச்சு இரண்டு தடவை நழுவியது. யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை கட்டிவிட்டு அவன் எழுந்தபோது அக்கா அவன் இடத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், கையில் கொக்கா இலையும் முன்னால் ஒரு கோப்பை கள்ளும். ரத்தம் கசிந்த ரவிக்கையை மூடக்கூட இல்லை, பதக்கம் மாதிரி விட்டுவிட்டாள். மேயர் பெட்டிக்குள் போய்க் கிழித்த காகிதத்தில் புதைந்துகொண்டார்.

விருந்தாளிகள் வயிற்றைத் தடவிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுப்படியில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. கூய்கள் கூவிக்கொண்டு ஓடின.

"அக்கா" என்றான் கவுதென்சியோ, குரலைத் தாழ்த்தி. "மணியாச்சு."

"ஆமா, ஆச்சு. சமையல் நான் பண்றேன்னு மே மாசம் யாரோ நெஞ்சுல கை வச்சுச் சொன்னாங்க."

நெலிதா தன் இடுப்பிலிருந்த ஏப்ரனை அவிழ்த்துப் புருஷன் தோளில் போட்டாள். பிறகு வந்து தன் பச்சை நாடா இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். கவுதென்சியோ அடுப்படி வாசல்வரை போய், அங்கே நின்று, எத்தனை கூய் பிடிக்க வேண்டும் என்று கேட்டான்.

"ஆளுக்கு ஒண்ணு" என்றாள் எடெல்மீரா, கோப்பையை எடுத்தபடி. "வெந்நீர்ல முக்குறதுக்கு முன்னாடி செத்துருச்சான்னு நல்லாப் பாத்துக்கடா. அதுலதான் உனக்குக் கொஞ்சம் தடுமாறுது."